புது வீட்டுக்குத் தனி இன்ஸ்பெக்‌ஷன் தேவையா? பில்டர் வேண்டாம் என்கிறார் (டாலஸ் வடக்கு)

செலினா_செல்வி

வணக்கம். டெக்சாஸில் செலினா பக்கம் ஒரு பெரிய பில்டரிடம் வீடு எடுத்திருக்கிறோம். ஃப்ரேம் எழும்பிவிட்டது, கூரை போட்டாயிற்று, வயரிங் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த வாரம் ஷீட்ராக் (சுவரை மூடுகிற ஜிப்சம் பலகை) அடிப்பார்களாம். க்ளோசிங் (கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கும் நாள்) அதற்கப்புறம் இரண்டு மாதத்தில். எங்கள் செலவில் தனியாக ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டி வரலாமா என்று சேல்ஸ் ஆபீஸில் கேட்டேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "புது வீட்டுக்கு எதற்கு? சிட்டி ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்கிறது, எங்களுக்கே தேர்ட் பார்ட்டி ஆள் இருக்கிறார், அதற்கு மேல் வாரண்டி இருக்கிறது" என்றார். ஏஜென்ட்டும் அதையெல்லாம் பழைய வீட்டுக்குத்தான் செய்வார்கள் என்கிறார். வீட்டுக்காரரோ அந்தக் காசுக்கு ஜன்னல்களுக்கு ப்ளைண்ட்ஸ் போட்டுவிடலாம் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இங்கே புது வீடு வாங்கியவர்கள் சொல்லுங்கள், வீண் செலவா?

கரிசல்மண்

செல்வி அக்கா, மற்றவர்கள் வருவதற்குள் ஒன்று. க்ளோசிங்கை விடுங்கள், உங்களுக்கு இப்போது அவசரம் ஷீட்ராக்குக்கு முன்னால் பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன். இன்றைக்கே ஆள் தேடுங்கள். சுவரை மூடிவிட்டால் உள்ளே யார் எதை வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. வெப்பக் கேமரா கொண்டுவந்தால் இன்சுலேஷன் விட்டுப்போன இடமும் ஈரமும் தெரியும், அறுபட்ட ஜாயிஸ்ட் (தளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) தெரியாது.

நான் ஸ்ட்ரக்சுரல் பக்கம் வேலை பார்க்கிறேன். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஃப்ரேமிங் ஆட்கள் ஒழுங்காகவே அடித்துவிட்டுப் போயிருப்பார்கள், பின்னால் வருகிற பிளம்பர் டாய்லெட் குழாய் இறக்க வழியில்லை என்று ஜாயிஸ்ட்டில் ரம்பத்தை வைத்துவிடுவார். அவருக்குப் பின்னால் ஏசி டக்ட் போடுகிறவர் வருவார், அவர் ஒரு கட்டையை எடுப்பார். சாதாரண மர ஜாயிஸ்ட்டில் போடுகிற துளை அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, மேல் கீழ் விளிம்பிலிருந்து 2 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும், நீளத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பகுதியில் விளிம்பை வெட்டவே கூடாது. இது ஐ.ஆர்.சி. (வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு) விதி. ஐ-ஜாயிஸ்ட் (I வடிவில் செய்த கட்டை) என்றால் ஃப்ளாஞ்சில், அதாவது மேல் கீழ்ப் பட்டையில், கை வைக்கவே கூடாது. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸில் ஒரு கட்டை வெட்டுப்பட்டாலும் இன்ஜினியர் கையெழுத்திட்ட ரிப்பேர் வரைபடம் இருக்க வேண்டும், "பக்கத்தில் ஒரு கட்டை சேர்த்து அடித்துவிட்டோம்" என்பது போதாது.

சிட்டி பார்க்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் அவர் பார்ப்பது கட்டட விதி கேட்கிற குறைந்தபட்சத்தை, அதுவும் அதே நாளில் இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டிய அவசரத்தில். பச்சை டேக் ஒட்டினால் அடுத்த வேலையைத் தொடங்கலாம் என்றுதான் கணக்கு. உங்கள் மனை சிட்டி எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்றும் பாருங்கள். கவுன்டி (மாவட்டம் மாதிரி) நிலம் என்றால் சிட்டி ஆளே கிடையாது. அந்தக் கவுன்டி இதற்கான மாநில ஆய்வு விதியை ஏற்றிருந்தால் அடித்தளம், ஃப்ரேமிங், கடைசி என்று மூன்று ஆய்வு நடக்கும், அதற்கு ஆள் வைப்பதும் பில்டர்தான்.

ப்ளேனோ_பாண்டி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2016-ல் வாங்கினேன், இன்ஸ்பெக்டர் யாரும் வைக்கவில்லை, வீடு நன்றாகத்தான் நிற்கிறது. நண்பன் வைத்தான், 60 பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது, பெயின்ட் திட்டு, அலமாரிக் கதவு கோணல், கோல்க் (இடுக்கை அடைக்கும் பசை) விரிசல் என்று பக்கம் பக்கமாக. அதைத்தான் பில்டரே குறை உள்ள இடத்தில் நீல டேப் ஒட்டச் சொல்லி சும்மா செய்து கொடுக்கிறானே? பயத்தைக் காட்டிக் காசு பார்க்கிற தொழில் இது. எது கெட்டாலும் வாரண்டியில் கூப்பிட்டால் வந்து பார்க்கிறார்கள்.

சைட்ல_இருந்தவன்

பாண்டி அண்ணே, நீங்கள் சொல்கிற மாதிரி ரிப்போர்ட்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாரண்டி எப்படி நடக்கிறது என்பதை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். ஹூஸ்டன் பக்கம் ஒரு பில்டரிடம் உதவி சூப்பர்வைசராக இருந்தவன் நான், இப்போது வேறு துறை.

ஒரு சூப்பர்வைசர் கையில் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட வீடுகள் இருக்கும். ஆணி அடிப்பதிலிருந்து டைல் ஒட்டுவது வரை எல்லாம் சப் கான்ட்ராக்ட், வேலைக்கு இவ்வளவு என்று கணக்கு, மணிக்கு இவ்வளவு என்று இல்லை. அதனால் வேகமாக முடிப்பவனுக்குத்தான் லாபம். இதில் காலாண்டு முடிகிறது என்றால் மேலேயிருந்து போன் மேல் போன் வரும், இந்த மாதத்துக்குள் இத்தனை வீடு க்ளோஸ் ஆக வேண்டும் என்று. பில்டர் வைக்கிற தேர்ட் பார்ட்டி ஆளும் இருக்கிறார், நல்லவர்களும் அதில் உண்டு, ஆனால் அவருக்கு பில் போடுவது பில்டர், ரிப்போர்ட் போவதும் பில்டருக்கு. உங்கள் கண்ணில் அது படாது.

வாரண்டி என்ற வார்த்தையை வைத்து எல்லோரும் ஏமாறுவது எங்கே என்றால், க்ளோசிங்குக்கு முந்தின நாள் வரை குறையைச் சரிசெய்வது சூப்பர்வைசரின் தலைவலி, அந்த சப் கான்ட்ராக்டர் பக்கத்துத் தெருவிலேயே வேலை செய்துகொண்டிருப்பான், அவனுக்குப் பாக்கிப் பணமும் இருக்கும், கூப்பிட்டால் வந்து செய்துவிட்டுப் போவான். கையெழுத்துப் போட்ட அடுத்த நாள் உங்கள் ஃபைல் வாரண்டி டிபார்ட்மென்ட்டுக்கு மாறிவிடும். அங்கே ஆள் வேறு, பட்ஜெட் வேறு, அவர்களிடம் ஒரு புத்தகம் இருக்கும், இந்த அளவுக்கு மேல் விரிசல் இருந்தால்தான் குறை, இல்லையென்றால் சாதாரணம் என்று. அதே குறை, அதே வீடு, பதில் மட்டும் மாறும். நாங்கள் உள்ளுக்குள் வாங்குபவரின் இன்ஸ்பெக்டரை வெறுத்ததும் இல்லை, அவர் எழுதிக் கொடுத்தால் சப் கான்ட்ராக்டரிடம் காட்டி வேலை வாங்க எங்களுக்கே வசதி.

கரிசல்மண்

வாரண்டி பற்றி நானும் கொஞ்சம். டாலஸ் வடக்கில் மண் கறுப்புக் களிமண், என் பெயருக்குக் காரணமும் அதுதான், கோவில்பட்டியில் பார்த்த அதே சுபாவம், மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அதனால் இங்கே அடித்தளம் பெரும்பாலும் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். உள்ளே கேபிள்களை ஓட்டி, கான்கிரீட் இறுகிய பின் இழுத்துக் கட்டுவார்கள். இழுத்த பிறகு நுனியை வெட்டி அந்தக் குழியைக் கலவையால் மூட வேண்டும், பல வீடுகளில் ஸ்லாப் ஓரத்தில் அது மூடாமலே கிடக்கும், தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும். இன்னொன்று, சுவரைச் சுற்றி முதல் 10 அடியில் 6 அங்குலம் சரிவு வேண்டும், செங்கல் முகப்புக்குக் கீழே ஸ்லாப் குறைந்தது 4 அங்குலம் தெரிய வேண்டும். புல் போடுகிறவர்கள் வந்து மண்ணை மேலே ஏற்றிவிட்டுப் போவார்கள். இது இன்றைக்கு மண்வெட்டியால் சரியாகிற வேலை. ஐந்து வருஷம் கழித்து அடித்தளம் ஒருபக்கம் எழும்பினால் வாரண்டியில் 'ஸ்ட்ரக்சுரல் குறை' என்பதற்கு என்ன வரையறை எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துப் படித்துப் பாருங்கள், கதவு இறுகுவதும் டைல் வெடிப்பதும் அதில் அடங்காமல் போகலாம்.

ஏஜென்ட்_அக்கா

செல்வி, உங்கள் ஏஜென்ட் சொன்னது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நானும் இதே தொழிலில் இருக்கிறேன். உங்கள் கான்ட்ராக்ட்டை எடுத்து 'இன்ஸ்பெக்‌ஷன்' என்ற பகுதியைப் படியுங்கள். சாதாரண விற்பனைக்கு மாநில ரியல் எஸ்டேட் கமிஷனான ட்ரெக் போட்ட படிவம் இருக்கிறது, புது வீட்டுக்கென்றே தனிப் படிவமும் உண்டு, ஆனால் பெரிய பில்டர்கள் சொந்தமாக எழுதிய கான்ட்ராக்ட்டைத்தான் நீட்டுவார்கள். அதில் ஆப்ஷன் பீரியட் என்பதே பெரும்பாலும் இருக்காது. அதாவது ரிப்போர்ட் பிடிக்கவில்லை என்று முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலக முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் உங்களுக்கு விலகும் உரிமை தராது, சரிசெய்யச் சொல்லும் பட்டியலைத்தான் தரும், அந்த எதிர்பார்ப்போடு போங்கள்.

டெக்சாஸில் வீடு கட்டுகிற பில்டருக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, அது பலருக்குத் தெரியாது. பில்டர்களைப் பதிவு செய்ய 2003-ல் ஒரு கமிஷன் வைத்தார்கள், வாங்குபவர்களுக்கு உதவவில்லை என்று புகார் குவிந்து 2009-ல் சட்டமன்றம் அதை நீட்டிக்காமல் விட்டுவிட்டது. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ட்ரெக் லைசென்ஸ் கட்டாயம், அவர்கள் தளத்தில் எண்ணைப் போட்டால் நிலவரம் தெரியும். 2023-ல் வந்த, எச்.பி. 2024 என்ற எண்ணுள்ள சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைத்தரத்துக்கு 1 வருஷம், பிளம்பிங், மின்சாரம், ஏசிக்கு 2, முக்கிய ஸ்ட்ரக்சருக்கு 6 என்று பில்டர் எழுத்தில் வாரண்டி கொடுத்தால், கட்டுமானக் குறைக்காக வழக்குப் போடும் உச்ச வரம்பு 10 வருஷத்திலிருந்து 6 ஆகிவிடும். அதற்குள்ளும் முதலில் 60 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அப்புறம் கான்ட்ராக்ட்டில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்று இருந்தால் கோர்ட் வாசலையே மிதிக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், சாவி வாங்குவதற்கு முன்னால் இருக்கிற பிடி அதற்கப்புறம் கிடையாது.

ஒன்று மட்டும், ஏஜென்ட் பரிந்துரைக்கிற இன்ஸ்பெக்டரையே வைக்க வேண்டும் என்று இல்லை. நானே என் வாடிக்கையாளர்களிடம் சொல்வது, நீங்களாகத் தேடுங்கள், புது வீடுகளை மட்டும் பார்க்கிற ஆளா, ஐ.சி.சி. (ஐ.ஆர்.சி. விதிகளை வெளியிடும் அமைப்பு) சான்றிதழ் இருக்கிறதா, பழைய ரிப்போர்ட் ஒன்றை அனுப்புவாரா என்று கேளுங்கள்.

ஸ்கார்பரோ_குகன்

நான் கனடா. இங்கே ஒன்டாரியோவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. டாரியன் என்று சட்டப்படியான வாரண்டி உண்டு, 1, 2, 7 வருஷம், பில்டருக்கு லைசென்சும் கட்டாயம். வீடு எடுக்க முதல் பில்டரோடு நடந்து பார்க்கிறதை பி.டி.ஐ. என்பார்கள், நீங்கள் போக ஏலாவிட்டால் எழுத்தில் ஒரு ஆளை நியமித்து அனுப்பலாம். பலர் இன்ஸ்பெக்டரையே அப்படித்தான் அனுப்புகினம். எங்கள் சனம் அதிகம் செய்கிற வேலை, அன்றைக்கு மாமன் மச்சான் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துவிட்டு, பில்டரின் ஆள் எழுதின படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறது. படிவத்தில் எழுதாத கீறலும் உடைந்த டைலும் பிறகு "நீங்கள் சாமான் ஏற்றும்போது உடைத்தது" என்று ஆகிவிடும். எங்களுக்கும் ஒரு குறை இருக்கிறது, குடியிருக்கலாம் என்று அனுமதி வந்துவிட்டால் பட்டியல் எவ்வளவு நீளம் என்றாலும் க்ளோசிங்கைத் தள்ள ஏலாது, எடுத்துப்போட்டுப் பிறகு திருத்துவிக்க வேண்டியதுதான்.

செலினா_செல்வி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். கான்ட்ராக்ட்டில் இன்ஸ்பெக்டர் வரலாம் என்றே இருக்கிறது! சேல்ஸ் ஆபீஸ் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிபந்தனைகள் மூன்று. இன்சூரன்ஸ் சான்றிதழ் முன்னதாக அனுப்ப வேண்டும், சூப்பர்வைசரிடம் நேரம் வாங்கியே வர வேண்டும், கூரை மேல் ஏறக்கூடாது. இரண்டு பேர் அந்த இன்சூரன்ஸ் தொகை இல்லை என்று கழன்றுகொண்டார்கள், மூன்றாவது ஆள் வந்தார், 375 டாலர். கூரையை ட்ரோன் விட்டுப் பார்த்தார்.

ரிப்போர்ட்டில் 23 விஷயம். பாதி சின்னது. பெரியது என்று அவர் தனியாகக் காட்டியது: மாஸ்டர் பாத்ரூமுக்கு மேல் ட்ரஸ்ஸில் ஒரு கட்டை அறுபட்டிருக்கிறது (கரிசல்மண் தம்பி, நீங்கள் சொன்ன அதே கதை, அறுத்தது டக்ட் ஆள்), பின்பக்க ஜன்னல் இரண்டில் தண்ணீர் தடுக்கும் ஃப்ளாஷிங் டேப் தலைகீழ் வரிசையில் ஒட்டியிருக்கிறது, அதாவது மேலிருந்து வழிகிற தண்ணீர் டேப்புக்குப் பின்னால் போகும், அப்புறம் ஸ்டட்டின் (சுவருக்குள் நிற்கும் கட்டை) ஓரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் வயர் ஓடுகிற பல இடங்களில் ஆணி தடுக்கும் இரும்புத் தகடு இல்லை. இதற்கு முந்தின நாள்தான் சிட்டி ஃப்ரேமிங் பாஸ் ஆகியிருந்தது!!

சூப்பர்வைசர் முதலில் முகத்தைச் சுளித்தார், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ட்ரஸ் பற்றி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, இன்ஜினியர் கடிதம் வரும்வரை அந்த அறையில் ஷீட்ராக் அடிக்க மாட்டோம் என்று எழுதி அனுப்பினார். வீட்டுக்காரர் இப்போது ப்ளைண்ட்ஸ் பேச்சை எடுப்பதில்லை.

ப்ளேனோ_பாண்டி

ட்ரஸ் வெட்டு என்றால் சரி, அது பெரிய விஷயம்தான். ஆனால் இதை எல்லோருக்கும் நடக்கும் என்று பொதுமைப்படுத்த வேண்டாம். கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுபடியும் காசு கொடுப்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

சைட்ல_இருந்தவன்

செல்வி அக்கா, ஷீட்ராக் ஏறுவதற்கு முன்னால் நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். அறை அறையாக எல்லாச் சுவரையும் டேப் அளவு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள். பின்னாளில் டிவி மாட்டும்போது எங்கே குழாய், எங்கே வயர் என்று தெரியும்.

பாண்டி அண்ணே கேட்டதற்கு. கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் பார்ப்பதே வேறு. அதற்கு நாள் குறிப்பதுதான் முக்கியம். கரண்ட், கேஸ், தண்ணீர் எல்லாம் வந்திருக்க வேண்டும், அடுப்பும் பாத்திரம் கழுவும் மெஷினும் மாட்டியிருக்க வேண்டும், ஆனால் க்ளோசிங்குக்கு ஒரு வாரம் பத்து நாள் மிச்சம் இருக்க வேண்டும். முந்தின நாள் வைத்தால் ரிப்போர்ட்டைத் தூக்கிக் குப்பையில் போடலாம். பில்டரோடு நடக்கிற நீல டேப் நடைக்கு முன்னால் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும், டேப் ஒட்டுகிற வெளிச்சத்தில் பெயின்ட்தான் தெரியும், மாடிப்பரணில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். பரணில் ஊதிவிட்ட இன்சுலேஷன் ஒரு மூலையில் மலையாகவும் ஓரத்தில் வெறும் பலகையாகவும் இருப்பது, பாத்ரூம் ஃபேனின் குழாய் வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே ஈரத்தை ஊதுவது, ஏசி டக்ட் மடங்கிக் காற்று வராமல் இருப்பது, இதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். வெளியே செங்கலின் அடிவரிசையில் தண்ணீர் வடிய விட்ட துளைகளைக் கலவை அடைத்திருக்கும்.

அப்புறம் சாக்கடைக் குழாயில் கேமரா விடச் சொல்லுங்கள், தனிக் கட்டணம், கொடுக்கலாம். டைல் ஆட்கள் மிச்சக் கலவையை வாளியோடு எங்கே கொட்டுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஏஜென்ட்_அக்கா

ரிப்போர்ட் வந்ததும் அப்படியே முழுசாக அனுப்பாதீர்கள். ட்ரெக் படிவத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் நான்கு கட்டம் இருக்கும், பார்த்தது, பார்க்காதது, இல்லாதது, குறை உள்ளது. 'பார்க்காதது' என்று டிக் போட்டிருந்தால் ஏன் என்று இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள், பரண் பூட்டியிருந்தது, கேஸ் வரவில்லை என்று இருக்கும், அதற்கு மறுவருகை வேண்டும். 'குறை' என்று வந்ததில் தண்ணீர், ஸ்ட்ரக்சர், மின்சாரம், கேஸ் சம்பந்தப்பட்டதை மேலே வைத்து, எந்த விதி என்று குறிப்பிட்டு, சூப்பர்வைசருக்கும் அவர் மேலாளருக்கும் ஈமெயிலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். "க்ளோசிங்குக்குப் பிறகு செய்து தருகிறோம்" என்று எதைச் சொன்னாலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியை எஸ்க்ரோவில் (நடுநிலைக் கணக்கில்) பிடித்து வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள், பெரிய பில்டர்களும் கடன் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை.

ரேட் லாக் (கடன் வட்டி விகிதத்துக்கு உறுதி தந்த காலம்) எந்தத் தேதி வரை என்று இப்போதே பாருங்கள். வேலை முடியாமல் க்ளோசிங் தள்ளிப்போனால் நீட்டிப்புக் கட்டணம் யார் தலையில் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். க்ளோசிங் டிஸ்க்ளோஷர் (கடனின் கடைசிக் கணக்குத் தாள்) மூன்று வேலை நாள் முன்னதாக வந்துவிடும், அது வந்த பிறகு எல்லோரும் ஓட ஆரம்பிப்பார்கள், அந்த நேரத்தில் குறைப்பட்டியலைக் கையில் எடுத்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மடிப்பாக்கம்_மணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், சென்னையில் ஃப்ளாட் கைக்கு வரப்போகிறது. இங்கே இதெல்லாம் நடக்குமா?

கரிசல்மண்

மணி சார், இப்போது அங்கேயும் காசு கொடுத்தால் வந்து பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஈரம் காட்டும் மீட்டர், டைலைத் தட்டிப் பார்த்து உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்பது, பாத்ரூமில் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழ் வீட்டு மேற்கூரையைப் பார்ப்பது, கார்ப்பெட் ஏரியாவை டேப்பால் அளப்பது, இவைதான் முக்கியம். ப்ராஜெக்ட் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்) பதிவானது என்றால் 14(3) பிரிவு உங்கள் பக்கம், கையில் கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ சொன்னால் 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். டெக்சாஸ் ஆட்களைவிட உங்களுக்குச் சட்டம் கொஞ்சம் தாராளம். எதுவானாலும் ஒப்படைப்புக் கடிதத்தில் "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடும் முன் குறைகளை அதிலேயே எழுதிவிடுங்கள்.

செலினா_செல்வி

இன்ஜினியர் கடிதம் வந்துவிட்டது, ட்ரஸ்ஸை இரண்டு பக்கமும் ப்ளைவுட் வைத்து வரைபடத்தில் சொன்னபடி ஆணி அடித்திருக்கிறார்கள், ஜன்னல் டேப்பையும் பிரித்து ஒட்டினார்கள். அதே இன்ஸ்பெக்டர் 100 டாலருக்கு மறுபடி வந்து பார்த்தார். வயர்த் தகடு மட்டும் சில இடத்தில் இன்னும் பாக்கி, திங்கட்கிழமைக்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு கேள்வி, பதினோராவது மாதத்தில் இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன் என்று இன்ஸ்பெக்டரே சொல்கிறார், அதுவும் தேவையா?

சைட்ல_இருந்தவன்

தேவைதான் அக்கா. 1 வருஷ வாரண்டி முடிவதற்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வீடு பார்த்திருக்கும், மண் அசைந்து எங்கே விரிசல் விடுகிறது, ஏசி ஆகஸ்ட் வெயிலைத் தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். மாதம் பத்திலேயே ஆளை புக் பண்ணுங்கள், பதினொன்றில் ரிப்போர்ட்டோடு வாரண்டி போர்ட்டலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றுங்கள். ஒரே புகாராகப் போட்டால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மொத்தத்தையும் முடிந்தது என்று மூடிவிடுவார்கள்.

தகடு விஷயத்தில் திங்கள் வரை சும்மா இருக்காதீர்கள். ஷீட்ராக் லோடு பெரும்பாலும் காலையிலேயே வந்து இறங்கும். ஞாயிறு சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.